புளியங்கொட்டை, தகிட, அரசிலை: தொடக்கப்பள்ளிப் பாடத்துக்குள் கலை நுழையும் வழிகள்

கேள்வி இது: நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில். 32 பிள்ளைகள். ஓவிய ஆசிரியரும் இல்லை, பாட்டு ஆசிரியரும் இல்லை. கலையோடு சேர்த்துப் பாடம் நடத்துங்கள் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். நடத்தினால் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் 40 நிமிடமும் போய்விடுகிறது, பாடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. என்னதான் செய்வது?

வெட்டி ஒட்டுவதைக் குறைப்பதுதான் முதல் வேலை. நீர்ச்சுழற்சியைச் சார்ட்டில் வரைந்து பஞ்சை மேகமாக ஒட்டினால் பிள்ளைக்குப் பஞ்சு ஒட்டத் தெரியும், நீராவி ஏன் மேலே போய்க் குளிர்கிறது என்பது தெரியாது. பஞ்சை எடுத்துவிட்டாலும் அந்தப் பாடத்தில் எதுவும் குறையாது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்: கலையை எடுத்துவிட்டால் பாடம் இடிந்து விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரம். அலங்காரம் தப்பில்லை, ஆனால் கணக்குப் பீரியடில் வேண்டாம்.

1995-இல் கலைக்கல்வி ஆய்வாளர் லியோரா பிரெஸ்லர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளைப் பார்த்து, கலை பாடத்தோடு சேரும் விதங்களை நான்காகப் பிரித்தார். அதில் முதலாவது, கலை இன்னொரு பாடத்துக்கு ஏவல் செய்யும் விதம். நம் சார்ட்டுகளில் பெரும்பாலானவை அந்த வகை. நமக்கு வேண்டியது, பாடத்தின் எலும்புக்கூடும் கலையின் எலும்புக்கூடும் ஒன்றாக இருக்கும் இடம். அப்படிப்பட்ட இடங்கள் பாடநூல் முழுக்க இருக்காது. பருவத்துக்கு ஐந்தாறு கிடைத்தால் போதும். எல்லாப் பாடத்துக்கும் கலையைக் கட்டப் பார்ப்பதால்தான் ஆசிரியருக்கு மூச்சு வாங்குகிறது.

கோலத்திலிருந்து தொடங்கலாம். மாவு வேண்டாம். அரிசிமாவுக்கு எறும்பு வரும், கல்மாவு சின்னப் பிள்ளைகள் கையில் பறந்து கண்ணில் விழும். புளியங்கொட்டை போதும். நாலு பேர் கொண்ட குழுவுக்கு 45 கொட்டை, நான்காம் வகுப்பில் நாலு குழு என்றால் 180. தாயக்கட்டைக்குத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. இந்த இரண்டு நிறம் பின்னால் வேலைக்கு ஆகும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் கொண்டுவர விடாதீர்கள், அது கடித்து விழுங்கினால் விஷம்.

நேர்ப்புள்ளியில் "3 புள்ளி, 1 வரை" வைக்கச் சொல்லுங்கள்: நடுவில் 3, மேலே 1, கீழே 1. மொத்தம் 5. அடுத்து "5 புள்ளி, 1 வரை": நடுவில் 5, இரு பக்கமும் 3, பிறகு 1. மொத்தம் 13. இங்கே கொட்டையைத் தொடவிடாமல் நிறுத்தி, 7 புள்ளி வைத்தால் எத்தனை வரும் என்று கேளுங்கள். 5-லிருந்து 13-க்கு 8 கூடியிருக்கிறது, ஆகவே 21 என்று நிறையப் பேர் சொல்வார்கள். திருத்தாதீர்கள். வைத்து எண்ணட்டும். 25 வரும். பாடமே இந்த நாலு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒற்றைப் புள்ளியிலிருந்து தொடங்கி 1, 5, 13, 25 என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூடியது என்று கேட்டால் 4, 8, 12 என்று வரும். 9 புள்ளிக் கோலத்துக்கு 41 என்று எண்ணாமலே சொல்லும் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

இப்போது 13 புள்ளிக் கோலத்தில் ஒன்றுவிட்டு ஒன்று கொட்டையைத் திருப்பச் சொல்லுங்கள், சதுரங்கப் பலகைபோல. நடுக்கொட்டை பழுப்பு என்றால் அதன் நாலு பக்கமும் வெள்ளை. எண்ணினால் பழுப்பு 9, வெள்ளை 4. அப்படியே எழுந்து கோலத்தின் சாய்ந்த ஓரத்துக்கு நேரே போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பு மூன்றுக்கு மூன்றாகவும், வெள்ளை இரண்டுக்கு இரண்டாகவும் நிற்கும். 25-இல் பதினாறும் ஒன்பதும். வர்க்க எண் என்ற சொல்லைச் சொல்லாமலேயே அது தரையில் கிடக்கிறது. மேலே போக விரும்பும் குழுவுக்கு இடுக்குப்புள்ளி (ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேரே வருவது) கொடுங்கள்: 5 புள்ளி 3 வரை என்றால் 19, 7 புள்ளி 4 வரை என்றால் 37. அங்கே கூடுவது ஆறு ஆறாக இருக்கும்.

"இது பொண்ணுங்க வேலை சார்" என்று பையன்கள் பின்வாங்குவது வழக்கம். முதல் பீரியடில் கோலம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். புளியங்கொட்டை விளையாட்டு என்றால் அவர்களே முன்னால் வந்து உட்காருவார்கள்.

நான்காம் வகுப்பு கொட்டையில் இருக்கும்போது ஐந்தாம் வகுப்புக்குத் தரையில் சிக்குக் கோலம். இதுதான் இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாக்பீஸால் 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. இடைவெளி நாலு விரல். அதைவிட நெருங்கினால் பிள்ளைகளின் கோடு புள்ளிமேல் ஏறிவிடும். வாயால் விளக்கினால் சிக்குக் கோலம் புரியாது, ஆளுக்கொரு மாதிரி வளைப்பார்கள். ஆகவே இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலும், மேல் கீழ் புள்ளிகளுக்கு நடுவிலும் ஒவ்வொரு சிறிய பெருக்கல் குறி. இரண்டுக்கு மூன்றில் 7 பெருக்கல் குறி வரும். ஏழு இல்லையென்றால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பிறகு ஒவ்வொரு குறியின் கையையும், அதே புள்ளியைச் சுற்றி அடுத்து வரும் குறியின் கையோடு வளைத்துச் சேர்க்க வேண்டும். ஓரத்தில் வளைவு பெரிதாகும், மூலைப் புள்ளியைச் சுற்றி முழுச் சுழி வரும். எந்தக் கோடும் குறியின் நடுவில் திரும்பக்கூடாது, நேராகக் கடந்து போக வேண்டும். சொதப்புகிற பத்தில் ஒன்பது கோலம் இந்த விதி தவறியதால்தான் சொதப்பும்.

முடித்த பிறகு ஒரு நிறச் சாக்பீஸை எடுத்து எங்காவது தொடங்கி, தொடங்கிய இடத்துக்கே திரும்பும்வரை கோட்டின்மேல் ஓட்டச் சொல்லுங்கள். கோடு மிச்சம் இருந்தால் அடுத்த நிறம். இரண்டுக்கு மூன்றில் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்துவிடும். இரண்டுக்கு நான்கில் 2 கோடு. மூன்றுக்கு மூன்றில் 3. மூன்றுக்கு நான்கில் மறுபடி ஒன்று. நான்குக்கு ஆறில் 2. குழுக்கள் ஆளுக்கொரு அளவைப் போட்டு, வரிசை எண்ணிக்கை, வரிசைக்குள்ள புள்ளி, கோடுகளின் எண்ணிக்கை என்று மூன்று கட்டத்தில் கரும்பலகையில் நிரப்பட்டும்.

பெரிய கோலத்தில் நிறையக் கோடு வரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். மூன்றுக்கு ஐந்தில் ஒன்றே ஒன்று வந்ததும் அது உடையும். கோடுகளின் எண்ணிக்கை என்பது, இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் மிகப் பெரியது. மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரை ஆறாம் வகுப்பில் யாராவது சொல்லிக்கொள்ளட்டும். காரணி என்றால் என்ன என்று இங்கே கையில் பட்டுவிடுகிறது. கோலம் நன்றாகத் தெரிந்த அம்மாக்களோ சத்துணவுக் கூட அக்காவோ இருந்தால் இந்தப் பீரியடுக்கு அழையுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் காட்டட்டும், ஏன் அப்படி வருகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்து அவர்களுக்குச் சொல்லட்டும்.

தாளத்துக்கு வருவோம். மிருதங்கம் தேவையில்லை. சொற்கட்டு தெரிந்தால் போதும்: மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி தகிட, மறு பாதி தகதிமி. எல்லாரும் "த" என்ற முதல் எழுத்தில் மட்டும் தொடையில் தட்ட வேண்டும். "தக"வில் இரண்டாவது எழுத்துக்கும் கை போகப் பார்க்கும், கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் டஸ்டரால் மேசையில் நொடிக்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டே இருங்கள், சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து. நீங்கள் நிறுத்தினால் பத்தாவது தட்டிலேயே இரண்டு பக்கமும் போட்டி போட்டு வேகம் எடுத்துவிடும், பிறகு எதுவும் சேராது.

முதல் தட்டு சேர்ந்து விழுகிறது. மறுபடி எப்போது சேர்ந்து விழும்? பிள்ளைகள் "பதிமூன்று" என்பார்கள். அவர்கள் கேட்டது சரிதான், பதிமூன்றாவது அட்சரத்தில், அதாவது பதிமூன்றாவது எழுத்தில்தான் சேர்கிறது. ஆனால் கடந்தது 12. வேலி நட்டால் கம்பத்தின் எண்ணிக்கை வேறு, இடைவெளியின் எண்ணிக்கை வேறு என்பதுபோன்ற குழப்பம் இது. முதல் தட்டைப் பூஜ்யம் என்று எண்ணச் சொன்னால் சரியாகிவிடும். பன்னிரண்டு வந்ததும் "மூன்றையும் நான்கையும் பெருக்கினால் போதும்" என்று யாராவது முடிவு கட்டுவார்கள். அதை அங்கேயே விட்டுவிடாதீர்கள். அடுத்து இரண்டும் நான்கும் (இரண்டுக்குத் தக) தட்டவிடுங்கள். எட்டு என்று காத்திருப்பவர்களின் காதில் நான்கிலேயே சேர்ந்து விழும். பிறகு நான்கும் ஆறும் (ஆறுக்குத் தகதிமிதக): இருபத்துநான்கு இல்லை, பன்னிரண்டு. இந்த வரிசை முக்கியம். மூன்றும் ஐந்தும், மூன்றும் நான்கும் என்று மட்டும் கொடுத்தால் தவறான விதியை நீங்களே ஊட்டியதாகிவிடும்.

பின்னத்துக்கும் இதே தட்டு உதவும். ஒரு தட்டுக்கு ஒரு "த" என்பது முதல் காலம். அதே தட்டுக்குள் "தக" இரண்டாம் காலம், "தகதிமி" மூன்றாம் காலம். தட்டு மாறவில்லை, உள்ளே இருப்பது பாதியாகவும் காலாகவும் உடைகிறது. "தாம்-கிட" என்று சொல்ல வைத்து, தாம் எவ்வளவு இடம் எடுத்தது, கி எவ்வளவு, ட எவ்வளவு என்று கேட்டால் அரை, கால், கால் சேர்ந்து ஒன்று. ஆனால் மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா என்பதற்குத் தாளம் உதவாது, காது அவ்வளவு நுணுக்கமாக அளக்காது. அதற்குக் காகிதப் பட்டையை மடியுங்கள். கலை எங்கே நிற்கும் என்று தெரிவதும் இதில் பாதி வேலை.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் கோபப்படுவார். தட்டுவது மேசையில் இல்லாமல் தொடையில் என்பது அதற்காகவும்தான். சத்தம் போதாது என்றால் மரத்தடி இருக்கிறது.

அறிவியலில் வரைதலைப் போல உதவும் கருவி வேறில்லை, அதைப் போலக் கெட்டுப்போவதும் வேறில்லை. கெடுவது எப்படியென்றால், நீங்கள் கரும்பலகையில் ஒரு இலை வரைகிறீர்கள், 32 பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைகிறார்கள். உலகத்தில் எந்த மரத்திலும் இல்லாத இலை அது: மாங்காய் வடிவம், நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் ஈர்க்குச்சிகள்.

பூவரசு இலையையும் அரச இலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இலையைக் காட்டாமல் நினைவிலிருந்து இரண்டையும் 2 நிமிடத்தில் வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே இதய வடிவில் வரும். அந்தத் தாளை மூடி வைக்கச் சொல்லி, இப்போது இலையைக் கையில் கொடுங்கள். 3 நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் கேள்வி மட்டும்: நுனி எங்கே முடிகிறது? அரசிலையின் வால் இலையில் எத்தனை பங்கு? காம்பு சேரும் இடத்தில் எத்தனை நரம்பு கிளம்புகிறது? ஓரம்வரை போகிற நரம்பு ஓரத்தைத் தொடுகிறதா, வளைந்து அடுத்த நரம்பைப் பிடித்துக்கொள்கிறதா? பிறகு 10 நிமிடம் வரையட்டும். ஏ4 தாளைப் பாதியாக்கிக் கொடுங்கள். முழுத்தாள் கொடுத்தால் நடுவில் சின்னதாக ஒன்று வரைந்து மீதியில் சூரியனும் வீடும் வந்துவிடும். அழிப்பானை வாங்கி வைத்துவிடுங்கள்.

சோதனை இதுதான். ஒரே மரத்தின் எட்டு இலைகளை ஒரு குழுவுக்குக் கொடுத்திருப்பீர்கள், பூச்சி அரித்தது, ஓரம் கிழிந்தது என்று பார்த்துப் பொறுக்கியவை. வரைந்து முடித்ததும் இலைகளைக் கலந்து போட்டு, படங்களை அடுத்த குழுவிடம் கொடுங்கள். எந்தப் படம் எந்த இலை என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் வரைந்தவர் உட்கார்ந்து இன்னொரு தடவை வரைகிறார். நீங்கள் ஒரு வார்த்தை திருத்த வேண்டாம். நன்றாக வரையத் தெரியாத பிள்ளை, பூச்சி அரித்த ஓட்டையைச் சரியான இடத்தில் போட்டு இதில் ஜெயித்துவிடும். அழகாக வரையும் பிள்ளை தோற்கும். அதுவே நல்லது. இலையைக் காலையிலேயே பறித்தால் பீரியடுக்குள் சுருண்டுவிடும், ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

மொழிப் பாடத்துக்கு நாடகம். இதில் மட்டும் ஆய்வும் துணைக்கு நிற்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் கலை படித்தால் மற்றப் பாடங்களில் முன்னேற்றம் வருகிறதா என்று கேட்ட ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் வெளியிட்டார்கள். கலை படித்தால் எல்லா மதிப்பெண்ணும் ஏறும் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் ஆதாரம் கிடைக்கவில்லை. தெளிவாக நின்ற ஒருசிலவற்றில் ஒன்று, வகுப்பறையில் கதையை நடித்துப் பார்ப்பது மொழித்திறனை வளர்க்கிறது என்பது. பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே சொன்ன தாளக் கணக்கு உதவுவது, அதற்குள் கணக்கே இருப்பதால்.

நாடகம் என்றவுடன் வசனம், ஒத்திகை, அட்டைக் கிரீடம் என்று கிளம்பாதீர்கள். ஆண்டுவிழா வேறு, வகுப்பு வேறு. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சிலை விளையாட்டு போதும். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி கதை என்று வையுங்கள். குழுவுக்கு 5 பேர்: பாரி, தேரோட்டி, முல்லைக்கொடி, இரண்டு குதிரை. 4 நிமிடத்தில் பேசி முடித்து, நீங்கள் கை தட்டியதும் சிலையாக நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராகத் தோளைத் தொடுங்கள். தொட்டவர் அந்த ஆள் மனத்தில் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி சிலையாகிவிட வேண்டும். பாரி சொல்வதைவிடத் தேரோட்டி சொல்வதுதான் வளமாக இருக்கும், ராஜா கொடுத்துவிட்டார், இனி ஊருக்கு எப்படிப் போவது என்ற கவலை அவனுடையது. கொடியாக நிற்க முதலில் யாரும் வரமாட்டார்கள். பிடிமானம் இல்லாமல் காற்றில் ஆடும் உடம்பை எப்படிக் காட்டுவது என்று கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு அதற்குத்தான் போட்டி.

சிலை கலைந்த உடனே, சூடு ஆறுவதற்குள், தேரோட்டி அன்றிரவு வீட்டில் என்ன சொன்னான் என்று ஐந்து வரி எழுத வையுங்கள். ஒரு நாள் தள்ளினால் சப்பென்று ஆகிவிடும். ஒவ்வொரு குழுவிலும் வாயாடிகள் பாரி ஆகிவிடுவார்கள், பேசாத பிள்ளை கடைசிக் குதிரை. முதலில் குதிரையின் தோளைத் தொட்டுத் தொடங்குங்கள்.

சமூக அறிவியலில் வரைபடப் பாடத்துக்குக் களிமண். ஆளுக்கு ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 150 கிராம் போதும், கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்தது. பள்ளி வளாகத்தை ஒரு பலகையில் செய்யட்டும், பிறகு பெஞ்சின்மேல் ஏறி நேர் மேலிருந்து பார்த்து வரையட்டும். அந்தப் படம்தான் வரைபடம். கொடிக்கம்பம் ஏன் வெறும் புள்ளியாகிவிட்டது என்று அவர்களே கேட்பார்கள்.

மதிப்பிடும்போது கோலத்தின் அழகுக்கோ நடிப்புக்கோ மதிப்பெண் போட வேண்டாம். மறுநாள் கலையே இல்லாத ஒரு கேள்வி கொடுங்கள்: 6 வரிசை, வரிசைக்கு 9 புள்ளி, எத்தனை கோடு, ஏன்? அரிச்சுவடி அளவுக்கு எளிய இரண்டு வரிப் பதில் போதும். "3 கோடு, ஏனென்றால் மூன்றுதான் ஆறையும் ஒன்பதையும் வகுக்கும் பெரிய எண்" என்று வந்தால் பாடம் ஏறியிருக்கிறது. "அழகாக வரும்" என்று வந்தால் தரைக்குத் திரும்புங்கள். தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகியவர்களுக்கு இதே கேள்வியைச் சின்ன எண்களில் வைத்துக் கேட்பது சிரமமாக இருக்காது.

கடைசியாகப் பொருள் விஷயம். புளியங்கொட்டையை நன்றாக வெயிலில் காயவைத்து மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 45, 45 ஆகப் பிரித்து வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் வண்டு துளைத்துவிடும். பீரியட் முடிவில் குழுவே எண்ணி டப்பாவில் போட வேண்டும், குறைந்தால் பெஞ்சுக்கு அடியில் தேட வேண்டும். எண்ணவும் தேடவும் 3 நிமிடம் ஆகும், அதை 40-க்குள் கணக்கில் வையுங்கள்.